பாய்லர் ஆசிட் கிளீனிங்: இன்ஹிபிட்டர் எதைத் தடுக்கும், எங்கே கைவிடும்?

நீராவி_ஈரோடு
அனைவருக்கும் வணக்கம். சாயப்பட்டறை ஒன்றில் மணிக்கு 3 டன் நீராவி தரும் ஸ்மோக் டியூப் பாய்லர் (டியூப்களுக்குள் சூடான புகை, வெளியே தண்ணீர்). வெப்பப் பரப்பு சுமார் 100 சதுர மீட்டர். தண்ணீர்ப் பக்கக் கொள்ளளவு, சர்க்குலேஷன் டேங்க், ஹோஸ் எல்லாம் சேர்த்து 5,000 லிட்டர். போர் தண்ணீர். சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) சரியாக ரீஜெனரேட் ஆகாமல் ஓடியதால் டியூப்கள் மேல் சராசரியாக 1 மி.மீ. வெள்ளைப் படிவு, அதற்கு அடியில் ஆங்காங்கே செந்துரு.

கான்ட்ராக்டர் கொடுத்த தாளில் இருப்பது இவ்வளவுதான்: எச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) 5 சதவீதம், 60 டிகிரி, 6 மணி நேரம், இன்ஹிபிட்டர் (ஆசிட் இரும்பை அரிக்காமல் தடுக்கும் பொருள்) 0.2 சதவீதம்.

கேள்விகள்: 0.2 சதவீதம் எதில்? போட்ட இன்ஹிபிட்டர் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது? டியூப் எவ்வளவு தேயும்? சில்லர் லூப்புக்கு (குளிர்நீர்ச் சுற்றுக்கு) வாங்கிய நைட்ரைட் இன்ஹிபிட்டர் இரண்டு கேன் ஸ்டோரில் இருக்கிறது, அதையே போட்டால் என்ன என்று பர்சேஸில் கேட்கிறார்கள்.

அமிலமானி
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்த நைட்ரைட் கேனை அன்று அந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

நைட்ரைட், குரோமேட், மாலிப்டேட் எல்லாம் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கிக் காப்பவை. நடுநிலை அல்லது காரத் தண்ணீரில் அந்தப் படலம் நிற்கும். 5 சதவீத எச்சிஎல்லில் எந்த இரும்பு ஆக்சைடும் நிற்காது. அதைக் கரைக்கத்தானே ஆசிட்டே ஊற்றுகிறோம். போதாக்குறைக்கு நைட்ரைட் ஆசிட்டில் விழுந்தால் நைட்ரஸ் அமிலமாகி, பழுப்புப் புகையாக நைட்ரஜன் ஆக்சைடுகள் கிளம்பும். மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். கரைசலில் மிஞ்சுவதோ ஆக்சிஜனேற்றி, அது இரும்பை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

ஆசிட் இன்ஹிபிட்டர் வேறு வழியில் வேலை செய்வது. நைட்ரஜன், சல்ஃபர், ஆக்சிஜன் அணுக்களோ, இரட்டை அல்லது முப்பிணைப்போ உள்ள கரிம மூலக்கூறுகள் வெறும் இரும்பின் மேலேயே ஒட்டிக்கொண்டு, ஹைட்ரஜன் அயனி வந்து எலெக்ட்ரான் வாங்கும் இடத்தையும் இரும்பு கரையும் இடத்தையும் மறைக்கின்றன. எச்சிஎல்லில் முதலில் குளோரைடு அயனி இரும்பில் ஒட்டும். அது எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அதன் மேல் குவாட்டர்னரி அமோனியம், பிரிடினியம் போன்ற நேர்மின் மூலக்கூறுகள் எளிதில் அமர்கின்றன. இதே குவாட்டர்னரியைத் தனியாகக் கந்தக அமிலத்தில் போட்டால் அந்தப் பிடிமானம் கிடைக்காது. அதனால்தான் அங்கே சிறிது அயோடைடு சேர்ப்பார்கள்.

ஆகவே எந்த ஆசிட், எந்த உலோகம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்ற நான்கும் தெரியாமல் 'இன்ஹிபிட்டர் போட்டாச்சு' என்று சொல்வதில் பொருளே இல்லை. கான்ட்ராக்டரிடம் பொருளின் டேட்டா ஷீட்டைக் கேளுங்கள்.

கரைதிறன்
இன்ஹிபிட்டருக்கு முன்னால் ஆசிட் கணக்கு சரியா என்று பார்ப்போம். படிவில் ஒரு கைப்பிடி சுரண்டி எடுத்து, 10 சதவீத எச்சிஎல்லில் போட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் கார்பனேட். அசையாமல் கிடந்தால் கால்சியம் சல்ஃபேட்டாகவோ சிலிகாவாகவோ இருக்கும். சல்ஃபேட் எச்சிஎல்லுக்கு மசியாது. முதலில் சோடா ஆஷில் (சோடியம் கார்பனேட்) நன்றாகக் கொதிக்க வைத்துக் கார்பனேட்டாக மாற்றிவிட்டுத்தான் ஆசிட். சிலிகா என்றால் அமோனியம் பைஃப்ளோரைடு தேவைப்படும். ஆசிட்டில் அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாவதால் அந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

படிவு கார்பனேட் என்றே வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 0.1 கன மீட்டர். துளைகள் உள்ள படிவு, அடர்த்தி 2 என்று எடுத்தால் 200 கிலோ. ஒரு கிலோ கால்சியம் கார்பனேட் கரைய 0.73 கிலோ தூய எச்சிஎல் வேண்டும், ஆக 146 கிலோ. 5,000 லிட்டர் 5 சதவீதக் கரைசலில் இருப்பது ஏறத்தாழ 256 கிலோ. கடையில் கிடைக்கும் 30 சதவீத ஆசிட்டில் இது 850 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 740 லிட்டர். வேலை முடியும்போது 2 சதவீதம் போல மிஞ்சும், நல்ல கணக்குதான். ஆனால் படிவு 2 மி.மீ. என்றால் 292 கிலோ தேவை, ஆசிட் பாதியிலேயே செத்துவிடும். அப்போது டாப் அப் செய்வார்கள். அந்த டாப் அப் ஆசிட்டுக்கும் இன்ஹிபிட்டர் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கந்தக அமிலம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கால்சியம் படிவின் மேல் கால்சியம் சல்ஃபேட் தோலாகப் படிந்து எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

நீராவி_ஈரோடு
நன்றி அண்ணா. மூன்று இடத்தில் எடுத்த படிவைச் சோதித்தோம். மூன்றும் நுரைத்துக் கரைந்தன, அடியில் கொஞ்சம் செம்பழுப்புத் தூள் மட்டும் மிஞ்சியது. அப்படியானால் இன்ஹிபிட்டர் 0.2 சதவீதம் என்பது 10 லிட்டரா?

அமிலமானி
அங்கேதான் ஒப்பந்தத்தில் ஓட்டை. நிரப்பும் மொத்தக் கரைசலில் 0.2 சதவீதம் என்றால் 10 லிட்டர். ஊற்றும் கெட்டி ஆசிட்டில் 0.2 சதவீதம் என்றால் 740 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர்தான். கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம். தயாரிப்பாளர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். டேட்டா ஷீட்டில் எதன் சதவீதம், எந்த வெப்பநிலை வரை என்று பார்த்து, வேலை உத்தரவில் லிட்டராகவே எழுதி வாங்குங்கள். சதவீதமாக எழுதாதீர்கள்.

அளவு குறைந்தால் தேய்மானம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். படலம் அரைகுறையாக மூடினால் மூடாத இடத்தில் அரிப்பு குவியும். மொத்த எடை இழப்பு குறைவாகக் காட்டும், ஆனால் டியூப்பில் குழி விழுந்திருக்கும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். டேங்கில் முதலில் தண்ணீர், அதில் இன்ஹிபிட்டர், 15 நிமிடம் சுற்ற விட்டு நன்றாகக் கலந்த பிறகு ஆசிட். ஆசிட் முதலில் போய், இன்ஹிபிட்டர் பின்னால் போனால் அந்த இடைவெளியில் நடக்கும் அரிப்பைத் திரும்பப் பெற முடியாது.

வெல்டர்_மணி
படிவு இரும்பை மூடித்தானே இருக்கிறது? முதல் ஒரு மணி நேரம் வெறும் ஆசிட்டில் ஓட்டி, படிவு கரைந்ததும் இன்ஹிபிட்டர் போட்டால் பாதி மிச்சமாகுமே? ஹெக்சமின் பவுடர் மலிவாகக் கிடைக்கிறது, அதுவே போதும் என்றும் சொல்கிறார்கள்.

அமிலமானி
மணி அண்ணா, படிவு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை. ஷெல்லின் அடிப்பகுதி, டியூப் தகடு, மேன்ஹோல் கழுத்து, ஸ்டே ராடு எல்லாம் முதல் நிமிடத்திலிருந்தே வெறும் இரும்பு. படிவு கொட்டிய இடங்களும் அப்படித்தான். படிவு எங்கே முதலில் விலகுகிறதோ அங்கே ஆசிட் முழு வீரியத்தில் இருக்கும். இன்ஹிபிட்டர் அதிகம் தேவைப்படும் நேரமே அந்த முதல் ஒரு மணிதான்.

ஹெக்சமின் பற்றி: சாதாரண வெப்பநிலையில் சுமாரான காவல் தரும். ஏஎஸ்டிஎம் ஜி1 என்ற தரநிலைச் சோதனை முறையில் துருப்பிடித்த எஃகு மாதிரியைச் சுத்தம் செய்யும் கரைசல்களில் ஒன்றே இதுதான்: 500 மி.லி. கெட்டி எச்சிஎல், 3.5 கிராம் ஹெக்சமின், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். ஆனால் அது 20–25 டிகிரியில் 10 நிமிட வேலைக்கு. 60 டிகிரியில் 6 மணி நேரம் நிற்க ஹெக்சமினைத் தனியாக நம்ப மாட்டேன். சூடான ஆசிட்டில் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடாகும். கண் எரியும், புற்றுநோய் உண்டாக்கும் வாயு.

60 டிகிரி வேலைக்கு இருப்பவை கலவைகள்தான். டைபியூட்டைல் தயோயூரியா போன்ற சல்ஃபர் சேர்மம், குவாட்டர்னரி அமோனியம், புரொபார்ஜில் ஆல்கஹால் போன்ற முப்பிணைப்புச் சேர்மம், இவற்றைக் கரைத்து வைக்க சோப்பு போன்ற ஒரு சர்ஃபேக்டன்ட். தனித்தனியாகத் தருவதைவிடச் சேர்ந்து அதிகம் தருகின்றன. டைபியூட்டைல் தயோயூரியா தண்ணீரில் சரியாகக் கரையாது. பவுடராக வாங்கி டேங்கில் கொட்டினால் மிதந்துகொண்டிருக்கும், இரும்புக்குப் போய்ச் சேராது. புரொபார்ஜில் ஆல்கஹால் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும். கையுறை இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது.

ஃபெரிக்_கண்
இதுவரை யாரும் தொடாத விஷயம் அந்தச் செம்பழுப்புத் தூள். என் பார்வையில் இந்த வேலையின் பெரிய ஆபத்து அதுதான்.

இன்ஹிபிட்டர் தடுப்பது ஹைட்ரஜன் அயனியை. துரு கரைந்து வரும் ஃபெரிக் (Fe³⁺) அயனியை அது பெரும்பாலும் தடுப்பதில்லை. இரண்டு ஃபெரிக் அயனி ஓர் இரும்பு அணுவைப் பிடித்து மூன்று ஃபெரஸ் (Fe²⁺) அயனியாகிவிடும். ஹைட்ரஜன் குமிழி வராது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. எடைக் கணக்கில் 2 கிராம் ஃபெரிக் ஒரு கிராம் எஃகைத் தின்னும்.

பாய்லருக்குள் 7 கிலோ துரு இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஃபெரிக் ஏறத்தாழ 5 கிலோ. 5,000 லிட்டரில் லிட்டருக்கு 1 கிராம். அது தின்னும் எஃகு இரண்டரைக் கிலோ. 100 சதுர மீட்டரில் சமமாகப் பரவினால் சதுர மீட்டருக்கு 25 கிராம்தான். ஆனால் சமமாகப் பரவாது. ஓட்டம் வேகமாக உள்ள இடம், டியூப் முனை, வெல்டு ஓரம் என்று தேர்ந்து தாக்கும்.

தீர்வு, ஃபெரிக்கை உடனே ஃபெரஸாக ஒடுக்குவது. எரித்தோர்பிக் அமிலம் அல்லது அஸ்கார்பிக் அமிலம் ஒரு கிராம் ஃபெரிக்குக்கு 1.6 கிராம். ஸ்டானஸ் குளோரைடு டைஹைட்ரேட் என்றால் 2 கிராம். மேலே சொன்ன கணக்குக்கு எரித்தோர்பிக் 8 கிலோ. தொடக்கத்தில் பாதியும், பிறகு சோதனை பார்த்து மீதியும் போடுங்கள். சோதனை எளிது: மாதிரியில் பொட்டாசியம் தயோசயனேட் சில துளி விட்டால் ஃபெரிக் இருந்தால் ரத்தச் சிவப்பு. வெளிர் ஆரஞ்சு தாண்டிச் சிவந்தால் ஒடுக்கி சேர்க்கும் நேரம். அளவாகச் சொன்னால் லிட்டருக்கு 300 மி.கி. தாண்ட விடுவதில்லை.

அயோடைடு கலந்த இன்ஹிபிட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: ஃபெரிக் அந்த அயோடைடை அயோடினாக மாற்றித் தீர்த்துவிடும், கரைசல் பழுப்பாகும். காவலுக்குப் போட்ட பொருளே கரைந்துபோகும்.

சர்க்குலேஷன் ரிட்டர்ன் ஹோஸை டேங்கில் மேலிருந்து அருவியாக விழ விடாதீர்கள். முனை திரவ மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மெதுவாகத்தான் என்றாலும் காற்று ஃபெரஸை மறுபடி ஃபெரிக்காக மாற்றும்.

நீராவி_ஈரோடு
இது ஒப்பந்தத் தாளில் இல்லவே இல்லை சார். பாய்லரோடு சேர்த்து கன்டென்சேட் லைன் (நீராவி குளிர்ந்த தண்ணீர் திரும்பி வரும் குழாய்), ஒரு எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பித்தளை வால்வுகள் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கழுவிவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். இன்ஹிபிட்டர் இருக்கிறதே என்கிறார்.

ஃபெரிக்_கண்
கூடவே கூடாது. 304 தகட்டின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எச்சிஎல்லின் குளோரைடு அதன் காப்புப் படலத்தை உடைத்துக் குழி போடும், இறுக்கம் உள்ள இடத்தில் விரிசலும் வரும். எஃகுக்கான இன்ஹிபிட்டர் அதைத் தடுக்காது. கேஸ்கெட்டுக்கு அடியில் சிக்கிய குளோரைடைக் கழுவி எடுக்கவும் முடியாது. அந்த எக்ஸ்சேஞ்சரைக் கழற்றித் தனியாக சல்ஃபாமிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் செய்யுங்கள். சல்ஃபாமிக்கை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். சிதைந்து சல்ஃபேட் வரும், கால்சியத்தோடு சேர்ந்து படியும்.

பித்தளை, கன்மெட்டல், செம்பு இருந்தால் வேறு வினை. கரைந்த செம்பு எஃகு டியூப் மேல் சிவப்பாகப் பூசும். அந்தப் பூச்சுக்குப் பக்கத்தில் எஃகு கால்வானிக் முறையில் அரிக்கும். படிவிலேயே செம்பு இருந்தால் தயோயூரியா போட்டுச் செம்பைக் கரைசலிலேயே கட்டி வைப்பது வழக்கம். உங்கள் நிலையில் அது தேவையில்லை. வால்வுகளைக் கழற்றி, கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு எல்லாவற்றையும் தனிமைப்படுத்தி, எஃகோ பிளாஸ்டிக்கோ ஆன தற்காலிக வால்வு போடுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பும் அலுமினியமும் சுற்றில் எங்குமே கூடாது.

கூப்பன்_தராசு
'வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்' என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

முதலில் சைட்டிலேயே ஒரு சோதனை. கலந்து முடித்த கரைசலில் ஒரு டம்ளர், அதே பலத்தில் இன்ஹிபிட்டர் இல்லாத ஆசிட் ஒரு டம்ளர். இரண்டிலும் ஒரே அளவு ஸ்டீல் வுல் துண்டு. வெறும் ஆசிட்டில் உடனே குமிழித்துத் துண்டு மேலே வரும். காவல் உள்ளதில் துண்டு அமைதியாகக் கிடக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி பொங்கினால் பம்பை ஓட்டவே விடாதீர்கள். இதைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறை, 60 டிகிரியில் ஒரு முறை செய்யுங்கள். குளிரில் நின்று சூட்டில் விடும் சரக்கு சந்தையில் உண்டு.

அடுத்தது கூப்பன், அதாவது அரிப்பை அளக்கத் தொங்கவிடும் சிறு உலோகத் துண்டு. டியூப் எஃகுக்கு ஒத்த மைல்டு ஸ்டீல், 50×25×2 மி.மீ. பரப்பு 28 சதுர செ.மீ., எடை 20 கிராம் அளவில். எமரி தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, நான்கு தசமத் தராசில் எடை. பிளாஸ்டிக் நூலில், வேறு உலோகம் தொடாமல், ஒன்று டேங்கில், ஒன்று ரிட்டர்ன் லைன் ஓட்டத்தில். வேலை முடிந்ததும் கழுவி உலர்த்தி மறுபடி எடை.

ஆறு மணி நேரத்தில் 60 மி.கி. போனது என்றால்: 87.6 × 60 ÷ (7.86 × 28 × 6) = ஆண்டுக்கு 4 மி.மீ. வேகம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்த வேகம் ஆறு மணி நேரம்தான் நீடித்தது. சதுர மீட்டருக்கு 21 கிராம், கனத்தில் 3 மைக்ரானுக்கும் கீழே. ஒரு முறைக் கழுவலுக்கு சதுர அடிக்கு 0.015 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு 73 கிராம் என்ற வரம்பைப் பலர் பின்பற்றுகிறார்கள். அதுவே 9 மைக்ரான்தான். சீரான தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கூப்பனை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக் குழிகள் இருந்தால் எடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வேலை தோல்வி.

'99 சதவீதத் திறன்' என்ற விளம்பரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். வெறும் ஆசிட்டில் 1,500 மி.கி. போகும் இடத்தில் 60 மி.கி. போனால் திறன் 96 சதவீதம். வெறும் ஆசிட் அரிப்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாகச் சதவீதம் ஏறும். கேட்க வேண்டியது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை.

காரைக்குடி_மாணவி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எம்.எஸ்சி. புராஜெக்டில் மருதாணி இலைச் சாற்றை 1 மோலார் எச்சிஎல்லில் மைல்டு ஸ்டீலுக்கு இன்ஹிபிட்டராகப் பார்க்கிறேன். 30 டிகிரியில் நல்ல எண் வருகிறது, லாங்மியூர் கோடும் (மூலக்கூறு பரப்பில் ஒட்டுவதை விளக்கும் வரைபடக் கோடு) நேராக வருகிறது. இதை உண்மையான பாய்லர் வேலைக்குப் பரிந்துரைக்க முடியுமா?

கூப்பன்_தராசு
மன்னிப்பு எதற்கு அம்மா, இந்த இழைக்கே உரிய கேள்விதான். அடிப்படை புதிதல்ல. ஆசிட்டில் எஃகுத் தகட்டைக் கழுவும்போது வெல்லப்பாகும் தாவர எண்ணெயும் சேர்ப்பதற்கு 1895லேயே பால்ட்வின் பெயரில் பிரிட்டனில் காப்புரிமை உண்டு. தாவரப் பொருள் ஒட்டிக் காக்கும் என்பதில் ஐயமில்லை.

30 டிகிரி எண்ணோடு நிறுத்தினால் மட்டும் பயனில்லை. 40, 50, 60 டிகிரியில் எடை இழப்பு பாருங்கள். வெறும் ஈர்ப்பால் ஒட்டிய மூலக்கூறு சூட்டில் கழன்றுவிடும், திறன் சரியும். அரை மணி நேரத்தில் அல்ல, 6 மணி நேரத்தில் பாருங்கள். கரைசலில் லிட்டருக்கு அரை கிராம் ஃபெரிக் சேர்த்து ஒரு வரிசை, கலக்கியபடி ஒரு வரிசை. மூன்று வெவ்வேறு பருவத்து இலையில் சாறு எடுத்து ஒப்பிடுங்கள். மருதாணியில் லாசோன் என்ற சாயப்பொருளின் அளவு இலைக்கு இலை மாறும். சாறு ஒரு மாதம் கேனில் இருந்தால் பூஞ்சை பிடிக்கிறதா என்பதும் தேவை.

லாங்மியூர் கோடு நேராக வருவதாலேயே மூலக்கூறு எப்படி ஒட்டியது என்று சொல்லிவிட முடியாது. சாற்றில் நூறு சேர்மம் இருக்கும்போது மோலார் நிறை எதைப் போடுவீர்கள்? அதிலிருந்து கணக்கிடும் ஆற்றல் மதிப்புக்கு அதிக எடை கொடுக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மின்தடுப்பு அளவீட்டுக்கு அங்கே வழி உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

காரைக்குடி_மாணவி
ஃபெரிக் சேர்த்த வரிசை பற்றி நினைக்கவே இல்லை சார். செய்கிறேன், மிக்க நன்றி.

கம்பி_இழுப்பு
பாய்லர் இல்லை, வயர் டிராயிங்கில் (கம்பி இழுத்தல்) பிக்ளிங் டேங்க், அதாவது கம்பியின் துருவையும் ஸ்கேலையும் (ஆக்சைடு படிவு) ஆசிட்டில் நீக்கும் தொட்டி. எச்சிஎல் 15 சதவீதம், அறை வெப்பநிலை. இன்ஹிபிட்டர் போட்டதும் புகை குறைந்தது, ஆசிட் செலவும் குறைந்தது. ஆனால் ஹை கார்பன் கம்பி சில சமயம் டிராயிங்கில் முறிகிறது. இன்ஹிபிட்டர் இருந்தும் ஏன்?

ஃபெரிக்_கண்
எல்லா இன்ஹிபிட்டரும் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைவதைக் குறைப்பதில்லை. குமிழியாக வெளியேறும் ஹைட்ரஜன் குறையலாம், உள்ளே போவது கூடவும் கூடும். தயோயூரியா வகை சிதைந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். சல்ஃபர், ஆர்சனிக் போன்றவை ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து வாயுவாகப் போவதைத் தடுத்து எஃகுக்குள் தள்ளும். 1932ல் மிச்சிகனில் டௌ நிறுவனம் எண்ணெய்க் கிணற்றில் எச்சிஎல் இறக்கியபோது இன்ஹிபிட்டராகப் போட்டது ஆர்சனிக் அமிலம். நஞ்சு என்பதால் பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது.

ஹை கார்பன் கம்பிக்கு சல்ஃபர் இல்லாத இன்ஹிபிட்டர் கேளுங்கள். டேங்கில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். ஸ்கேல் போனதும் ஒரு நிமிடம் அதிகமாகக் கூட விடாதீர்கள். கழுவியதும் தாமதிக்காமல் அடுப்பில் சூடாக்குங்கள் (baking). கெட்டிப்படுத்திய ஸ்பிரிங், போல்ட் என்றால் 190–220 டிகிரியில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். கால்வனைசிங்குக்குப் போகும் சரக்கில் இன்ஹிபிட்டர் அளவு மீறினால் படலம் கழுவலில் போகாமல் துத்தநாகம் பிடிக்காத கரும்புள்ளிகள் வரும் என்பதையும் கவனியுங்கள்.

பாதுகாப்பு_முதல்
நீராவி_ஈரோடு, வாயுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 200 கிலோ கார்பனேட் கரைந்தால் 88 கிலோ கார்பன் டை ஆக்சைடு, கன அளவில் 50 கன மீட்டர். பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வரும். மேல் வென்ட் அடைபட்டால் பாய்லருக்குள் அழுத்தம் ஏறி ஆசிட் ஹோஸ் பிடுங்கும். வென்ட்டைக் குறைந்தது 50 மி.மீ. பைப்பில் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். கார்பன் டை ஆக்சைடு கனமானது, பாய்லர் குழியில் தங்கும். வேலை நடக்கும்போது குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

நல்ல இன்ஹிபிட்டரிலும் 2 கிலோ எஃகு கரையும், அதிலிருந்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். வெல்டிங், பீடி, கிரைண்டர் எதுவும் அருகில் வேண்டாம்.

ஆசிட் உள்ளே இருக்கும்போது பர்னரையோ அடுப்பையோ பற்ற வைத்துச் சூடேற்றவே கூடாது. டியூப் சுவர் 60ஐத் தாண்டி எங்கோ போய்விடும், அங்கே இன்ஹிபிட்டர் படலம் கழன்றுவிடும். தண்ணீரைக் கலக்கும் டேங்கில் 60க்குக் கொண்டுவந்து, பிறகு இன்ஹிபிட்டர், பிறகு ஆசிட். இடையில் ஆறினால் ஆறட்டும், 50ல் வேலை ஓடும்.

நீராவி_ஈரோடு
புரிகிறது. எப்போது நிறுத்துவது, பிறகு என்ன செய்வது என்பதையும் யாராவது வரிசையாகச் சொன்னால் வேலை உத்தரவைத் திருத்தி எழுதிவிடுவேன்.

அமிலமானி
அரை மணிக்கு ஒருமுறை ரிட்டர்னிலிருந்து மாதிரி. 10 மி.லி. எடுத்து, 1 நார்மல் காஸ்டிக் சோடாவில் மெத்தில் ஆரஞ்சு வைத்து டைட்ரேட் செய்யுங்கள். செலவான மி.லி. × 0.365 = எச்சிஎல் சதவீதம். 13.7 மி.லி. என்றால் 5. ஃபினால்ப்தலீன் வேண்டாம். இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்ந்து காஸ்டிக்கைக் குடிக்கும், ஆசிட் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கூடவே மொத்த இரும்பு அளவும் குறித்து வாருங்கள்.

ஆசிட் சதவீதம் அடுத்தடுத்து மூன்று முறை மாறாமல் நின்றால் படிவு முடிந்தது. ஆறு மணி என்று தாளில் இருப்பதற்காக ஆறு மணி ஓட்டாதீர்கள். ஆசிட் நிலையாக நிற்க, இரும்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் கரைவது உங்கள் டியூப், அல்லது இன்ஹிபிட்டர் சோர்ந்துவிட்டது. உடனே வடியுங்கள். மாறாக ஆசிட் 1 சதவீதத்துக்குக் கீழே விழுந்து, படிவு இன்னும் இருந்தால் டாப் அப், இன்ஹிபிட்டரோடு. ஓட்ட வேகம் டியூப்களை ஒட்டி நொடிக்கு 0.3 மீட்டருக்குள் இருக்கட்டும். வேகம் கூடினால் படலம் அலசிப் போகும்.

வடித்ததும் தாமதம் கூடாது. ஈரமான வெறும் எஃகு காற்றில் நிமிடங்களில் துருப்பிடிக்கும். முடிந்தால் நைட்ரஜன் விட்டபடி வடியுங்கள், இல்லையென்றால் தண்ணீரால் தள்ளி வெளியேற்றுங்கள். பிஎச் 5 தாண்டும் வரை அலசல், கடைசி அலசலில் 0.2 சதவீதம் சிட்ரிக் அமிலம், அதுவரை பிடித்த மெல்லிய துருவை எடுத்துவிடும். பிறகு 1 சதவீதம் சோடா ஆஷும் டிரைசோடியம் பாஸ்பேட்டும் கலந்த கரைசல், 80–90 டிகிரி, 4 மணி நேரம். இப்போது ஆசிட் இல்லாததால் மிதமாகச் சூடேற்றலாம். மறுபடி துருப்பிடிக்காமல் காக்க இந்தச் சிறு பாய்லருக்கு இதுவே போதும், நைட்ரைட் தேவையில்லை.

ஹேண்ட்ஹோல் திறந்து அடிச் சகதியைக் கையால் அள்ளுங்கள். பிறகு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை). டியூப் முனையில் படிவு அடைத்து வைத்திருந்த பழைய கசிவுகள் அப்போது தெரியவரும். அதை ஆசிட் செய்த ஓட்டை என்று எண்ணிச் சண்டைக்குப் போகாமல், முதலில் கூப்பன் எடையைப் பாருங்கள்.

பாதுகாப்பு_முதல்
கழிவு பற்றி ஒன்று. வடித்த கரைசலில் ஏறக்குறைய 250 கிலோ குளோரைடு இருக்கும், லிட்டருக்கு 50 கிராம். சுண்ணாம்பு போட்டு பிஎச் சரி செய்தாலும் குளோரைடு எங்கும் போகாது. திருப்பூர், ஈரோடு பக்கம் ஆர்ஓ வைத்து ஓடும் சுத்திகரிப்பு நிலையத்தில் இதை ஒரேயடியாக விட்டால் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) எகிறும். இன்ஹிபிட்டரில் உள்ள குவாட்டர்னரி உயிரியல் தொட்டியின் பாக்டீரியாவைக் கொல்லும். தனி டேங்கில் பிடித்து வைத்து, நடுநிலையாக்கி, படிந்த இரும்புச் சகதியை எடுத்துவிட்டு, நிலையத்தின் பொறுப்பாளரைக் கேட்டு நாளுக்குக் கொஞ்சமாக விடுங்கள், அல்லது நேராக ஆவியாக்கிக்கு அனுப்புங்கள். இதற்கு 6,000 லிட்டர் காலி டேங்க் இருக்கிறதா என்று தேதி குறிப்பதற்கு முன்னாலேயே பாருங்கள். அலசல் தண்ணீருக்கு இன்னொன்று.

நீராவி_ஈரோடு
டேங்க் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று ஏற்பாடு செய்கிறேன். வேலை உத்தரவில் இப்போது எழுதியிருப்பது: இன்ஹிபிட்டர் 10 லிட்டர், டாப் அப்புக்கு 2 லிட்டர் தனியாக; எரித்தோர்பிக் 8 கிலோ; ஸ்டீல் வுல் சோதனை இரு வெப்பநிலையில்; இரண்டு கூப்பன், வரம்பு சதுர மீட்டருக்கு 73 கிராம், குழி கூடாது; எஸ்எஸ் எக்ஸ்சேஞ்சரும் பித்தளை வால்வுகளும் சுற்றுக்கு வெளியே.

கூப்பன்_தராசு
மூன்றாவது கூப்பன் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூப் எக்ஸ்பான்ஷன் மாதிரி ஒரு சிறு துண்டு டியூப்பும் தகடும் இறுக்கமாகச் சேர்ந்தது. இடுக்கில் ஆசிட் தேங்கி என்ன செய்கிறது என்பதைத் தட்டையான கூப்பன் காட்டாது. எடைச் சீட்டில் முன் எடையில் இரு தரப்பும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹிபிட்டர் கேனின் பேட்ச் எண்ணையும், அதிலிருந்து சீல் வைத்த 250 மி.லி. மாதிரியையும் எடுத்து வையுங்கள்.